பூத்தையலும் பொழுதும்

விற்பனைக்கில்லாத பூத்தையலில் பொழுதைக் கழிப்பது வீண் என்று நம்மவர் சிலர் கூறுகின்றனர். எதையும் விலைகொண்டே அளப்பது வியாபாரிகளாகிய நம் வழக்கம். ஆனால் பொருளின் விலை வேறு, அதைச் செய்தவர் அடைந்த பயன் வேறு அல்லவா?

பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் மலாய்ப் பெண்மணிகள் செய்யும் ‘தெக்காட்’ எனும் பொன்னிழைத் தையலைப் பாருங்கள். அட்டையில் பூவுருவை வெட்டி, வெல்வெட்டின் மேல் வைத்து, அதன்மீது பொன்னிழையை மடித்து மடித்துப் படியவைப்பர். பொன்னிழை துணிக்குள் புகுவதில்லை. அடியிலிருந்து வரும் சாதாரண நூலே ஒவ்வொரு மடிப்பையும் பிடித்து நிறுத்துகிறது. காண்போருக்குப் பொன் தெரியும், நூல் தெரியாது. பிறர் காணாத இடத்திலும் ஒழுங்காகச் செய்யும் இப்பழக்கம் இக்லாஸுக்கு நல்ல பயிற்சியன்றோ?

ஆரோக்கியமும் ஓய்வும் பலர் நஷ்டமடையும் இரு பாக்கியங்கள் என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தொழுகை நேரத்தைத் தவறவிட்டோ, பெருமைக்காகவோ தைத்தால் அதுவும் நஷ்டமே. ஆனால் கடமைகளை முடித்துவிட்டு மகிழ்ச்சியோடு ஊசி பிடிக்கும் நம் பெண்மக்களிடம், “இது எத்தனை வெள்ளிக்குப் போகும்?” என்று கேட்குமுன், புறம் பேசுவதில் நாம் கழிக்கும் மாலைப்பொழுது எத்தனை வெள்ளிக்குப் போகிறது என்று எண்ணிப் பார்ப்போமாக.