சிந்தாமல் பிரிவது

பந்தயக் காரில் பெட்ரோல் டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயின் இடையே ஓர் இணைப்பு உண்டு. சமயம் வந்தால் கழன்றுகொள்வதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள். இரண்டு பாதிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு. சேர்ந்திருக்கையில் ஒன்றையொன்று தள்ளித் திறந்து வைத்திருக்கின்றன. பிரிந்த கணமே இரண்டும் தம் வாயைத் தாமே மூடிக்கொள்கின்றன.

எப்போது பிரிவது என்பதும் முன்கூட்டியே தீர்மானமானது. 2020-இல் அமலிலிருந்த ஃபார்முலா ஒன் விதிப்படி, குழாயின் பூட்டு உடையவோ டாங்கிலிருந்து பிய்ந்து வரவோ எவ்வளவு விசை வேண்டுமோ, அதில் பாதிக்கும் குறைவான விசையிலேயே வால்வு பிரிந்துவிட வேண்டும்.

இதில் எனக்கு ஒரு தார்மீகப் பிரச்னை தென்படுகிறது. உறவின் மேன்மையை அது முறியாதிருப்பதை வைத்தே அளந்து பழகிவிட்டோம். ஆனால் விட்டுக்கொடுக்காத பிடி, மோதலில் தான் பற்றியிருப்பதைக் கிழித்துவிடுகிறது. 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ரோமன் குரோஷானின் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் தரும் இணைப்பு டாங்கின் பையிலிருந்தே பிய்ந்து வந்தது. பெட்ரோல் வெளியேறிய இரு முக்கிய வழிகளில் அது ஒன்று என்றது விசாரணை அறிக்கை. விதி இருந்தது, பிய்ந்ததோ பிரிவதற்கென்று குறிக்காத இடத்தில். சுமார் அரை நிமிஷம் நெருப்புக்குள் இருந்துவிட்டு, கைகளில் தீக்காயங்களோடு அவர் வெளியே வந்தார்.

எழுதுகிறவர்களின் நட்புகள் முறிவதை நான் பார்த்திருக்கிறேன். முறிவது குற்றமில்லை. ஆனால் நம்பிச் சொன்ன விஷயங்களும் அந்தரங்கமாக எழுதிய கடிதங்களும் மறுநாளே தெருவில் ஓடுகின்றன. தீக்குச்சியோடு யாராவது ஒருவர் எப்போதும் பக்கத்தில் நிற்கிறார். அதற்குப் பிறகு அதைக் கொள்கைச் சண்டை என்கிறோம்.

ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத பிரிவு மனுஷத்தனமானதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்பிரிங்குக்குத் துக்கம் கிடையாது, எனக்கு உண்டு. என் துக்கம் என் சொத்து, அதை நான் எங்கே வேண்டுமானாலும் கொட்டலாம். அவன் என்னிடம் ஊற்றிவைத்தது என்னுடையதல்ல. நட்பு போன பிறகும் அதைக் காப்பது என் பொறுப்பாகவே இருக்கிறது.

அந்தக் கருவியில் என்னை உறுத்துவது இன்னொன்று. ஒரு பாதி மூடிக்கொள்ளத் தவறினாலும் மறுபாதி தன்னை மூடிக்கொள்ளத்தான் செய்யும். ‘அவன்தான் முதலில் பேசினான்’ என்ற நியாயம் அதனிடம் எடுபடாது. நாம் மௌனம் காப்பதற்கு எதிராளியின் மௌனத்தை நிபந்தனையாக வைக்கிறோம்; ஆகவே இருவருமே எரிகிறோம்.

இப்படி ஒரு ஒழுக்கம் சாத்தியமென்றால், அது நட்பு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளிலேயே உள்ளே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மோதுகிற கணத்தில் உட்கார்ந்து வால்வு செய்ய யாருக்கும் அவகாசம் கிடைத்ததில்லை.