ஊசலும் ஒழுங்கும்

மலேசியாவில் பாலோ என்னும் ஊரைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களிலிருந்து வந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்பு மலாய்வழி இடைநிலைப் பள்ளிக்குள் புகும் பிள்ளைக்கு, விஞ்ஞானத்தை 2003-இல் ஆங்கிலத்துக்கு மாற்றியதும் 2009-இல் அதைக் கைவிட நிச்சயித்ததுமான அரசாங்கக் கொள்கைகளெல்லாம் தலைக்குமேல் அடித்த காற்றே. அவன் கையில் நேராக வந்து சேரும் சட்டம், ஆய்வுக்கூடத்துச் சுவரில் ஒட்டிய விதித்தாள்தான். ஓடாதே, உண்ணாதே, ஆசிரியர் அனுமதியின்றி எதையும் தொடாதே என்பவை அதில் எழுதியிருக்கும். எழுதப்படாத நிபந்தனை ஒன்றும் உண்டு; ஊசல் சோதனையில் அது விளங்கும்.

ஒரு மீட்டர் நூலில் குண்டைக் கட்டி ஊசலாட்டினால், போய்வர ஏறத்தாழ 2 விநாடி. கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதம் ஒற்றை ஆட்டத்தில் பெரும்பிழையாகுமாதலின், 20 ஆட்டங்களை எண்ணி, கிடைத்த நேரத்தை 20-ஆல் வகுக்கச் சொல்வர். பத்தொன்பதோ இருபதோ என்று எண்ணிக்கை தடுமாறிய பையன், (நானும் அவ்விதம் தடுமாறியவனே!) அண்டை மேசையின் 40 விநாடியை எட்டிப் பார்த்து எழுதிவிடாமல், நூலைப் பிடித்து நிறுத்தி, குண்டை மறுபடி முதலிலிருந்து விடுவானாயின், பௌதிக சாத்திரம் அவனுக்கு அன்றுதான் ஆரம்பம்.