கொடையும் காமிராவும்

விற்பதற்கென்று வைத்த பொருளை விலை கொடுத்து வாங்குவது வாணிகம். உடையவர் அறியாமல் அதை எடுத்துச் செல்வது களவு. இவ்விரண்டிலும் ஐயத்திற்கு இடமில்லை. ஆனால் எல்லாருக்குமென்று மனமுவந்து, விலையின்றி வழங்கப்பட்ட ஒன்றைப் பெற்றுக்கொண்ட ஒருவர், அதைப் பிறிதோர் இடத்திற்குக் கொண்டுசென்று விலைக்கு விற்றாரானால் அச்செயலை என்னவென்று சொல்வது? களவு என்று கூற நா எழவில்லை. நேர்மை என்று கூற மனம் ஒப்பவில்லை. கலை உலகில் இன்று பெரிதாக எழுந்து நிற்கும் இவ்வினாவை, ஒரு விழாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய விழைகிறோம்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பிளாக் ராக் என்றொரு பாலைவனம் உண்டு. புல் பூண்டு முளைக்காத உவர்நிலம். காற்றெழுந்தால் வெண்புழுதி கண்ணை மறைக்கும். ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதியில் தொடங்கி, செப்டம்பர் முதல் திங்கட்கிழமை வரை அங்கே ஒரு நகரம் எழுகிறது. பிறகு சுவடின்றி மறைகிறது. 'பர்னிங் மேன்', அதாவது எரியும் மனிதன், என்பது அவ்விழாவின் பெயர். 1986ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெரி ஜேம்ஸும் நண்பர்கள் சிலரோடு கூடி, ஏறத்தாழ 8 அடி உயரமுள்ள மரத்தாலான மனித உருவம் ஒன்றைக் கொளுத்தினர். அதுவே தொடக்கம். 1990இல் கடற்கரையில் தீ மூட்டத் தடை வந்தமையால் விழா பாலைவனத்திற்குப் பெயர்ந்தது. இருபது பேரளவில் கூடிய விழாவில் பிற்காலத்தில் 70,000க்கும் மேற்பட்டோர் கூடலாயினர்.

இவ்விழாவை மற்றக் கலைவிழாக்களினின்றும் வேறுபடுத்துவது யாது? இங்கே மேடையென்றும் அவையென்றும் பிரிவில்லை. 'பார்வையாளர் எவருமிலர்' என்பதே இவர்தம் முழக்கம். சிற்பம் அமைப்பவர், இசைப்பவர், வழிப்போக்கருக்குச் சோறிடுபவர், பிறருடைய மிதிவண்டியைச் செப்பனிட்டுத் தருபவர் என்று ஒவ்வொருவரும் தம்மாலியன்றதைக் கொணர்கின்றனர். பனிக்கட்டி போன்ற மிகச் சிலவற்றைத் தவிர அந்நகரில் எதையும் விற்பதில்லை; விளம்பரப் பலகைக்கும் இடமில்லை. 2004ஆம் ஆண்டில் லாரி ஹார்வி வகுத்த பத்து நெறிகளுள் கொடையும், பங்கேற்பும், எதனையும் விலைப்பொருளாக்காமையும் இடம்பெற்றுள்ளன.

இத்தகைய இடத்திற்கு ஒரு வணிகத் தொலைக்காட்சிக் குழு வருவதாக எண்ணிப் பார்ப்போம். அவர்கள் எதையும் உடைப்பதில்லை, எவரையும் அடிப்பதில்லை. காமிராவைத் தோளில் ஏற்றிக் காண்பதைப் பதிவு செய்கின்றனர், அவ்வளவே. இதில் தீங்கு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். அதற்கு விடை காண, வணிகத் தொலைக்காட்சி எதை விற்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அது நிகழ்ச்சியைப் பார்ப்பவருக்கு விற்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் பார்ப்பவரின் கவனத்தையே அது விளம்பரக்காரருக்கு விற்கிறது. நிகழ்ச்சி என்பது ஒரு விளம்பரத்திற்கும் மறு விளம்பரத்திற்கும் இடையே அவரை எழுந்து போகவிடாமல் இருத்திவைக்கும் கருவி. ஆகவே பாலைவனத்தில் ஒருவர் விலையின்றி ஆடிய ஆட்டம், அவர் அறியாமலே சவர்க்காரத்தையும் குளிர்பானத்தையும் விற்கும் பணியில் அமர்த்தப்படுகிறது. விளம்பரப் பலகைக்கு இடமில்லாத ஊரில் அவருடைய உடலே பலகையாகிவிடுகிறது.

நம் வீட்டு விருந்துகளில் ஒரே சகனைச் சூழ்ந்து நால்வர் அமர்ந்து உண்பதை வாசகர்கள் அறிவர். அமர்ந்தாலன்றி அதில் உண்ண இயலாது. அமர்ந்தவர் தமக்கு மட்டுமின்றி அருகிருப்பவருக்கும் கறியை நகர்த்திவைக்கிறார். அவ்விருந்தில் ஒருவர் மட்டும் அமராமல் நின்று, சோற்றைப் பொட்டலம் கட்டிக் கடைத்தெருவில் விற்கப் போனால், விருந்தளித்தவருக்கு நட்டம் ஒருபிடிச் சோறுதான். ஆனால் அமர்ந்திருந்த நால்வரும் கூசிப்போவர். அக்கூச்சத்தின் காரணமே நம் வினாவின் கரு.

இனி, மறுதரப்பார் கூறுவனவற்றையும் நேர்மையுடன் எடுத்துரைக்க வேண்டும். முதலாவது, அந்நிலம் கூட்டாட்சி அரசின் பொதுநிலம். பொதுவிடத்தில் நடப்பதைப் படமெடுக்கத் தடை ஏன் என்பர். இரண்டாவது, நுழைவுச்சீட்டுக்கு 500 டாலருக்கு மேல் வாங்குகின்ற விழா, வணிகத்தைப் பழிப்பது எவ்வாறு பொருந்தும் என்பர். மூன்றாவது வாதமே வலுவுடையது: அத்தொகையைக் கொடுக்கவோ, அத்துணைத் தொலைவு பயணம் செய்யவோ இயலாத எளியவருக்கு அக்கலையைக் காட்டுவது தொலைக்காட்சியன்றோ? அதைத் தடுப்பது வசதி படைத்தோரின் செருக்காகாதா?

முதல் வாதத்திற்கு விடை எளிது. சட்டம் தடுக்காதவையெல்லாம் முறையானவை ஆகா. சாலையில் அழுதுகொண்டு செல்லும் ஒருவரை உற்றுநோக்கச் சட்டத்தில் தடையில்லை, நற்பண்பு தடுக்கிறது. இரண்டாம் வாதத்தில் உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. சீட்டின் விலை பலரை வெளியே நிறுத்துகிறது என்பது அவ்விழாவின் மீது உள்ள நியாயமான குறை. ஆயினும் ஊர்கூடிச் செலவைப் பங்கிட்டுக்கொள்வது வேறு. அங்கே ஒருவர்க்கொருவர் வழங்கியதை வெளியார் ஒருவர் விற்பது வேறு. முன்னதில் குறையிருப்பதால் பின்னது முறையாகிவிடாது.

மூன்றாம் வாதத்தை அவ்வாறு எளிதில் ஒதுக்க இயலாது. காட்டவேண்டியதைக் காட்டத்தான் வேண்டும். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்பார்க்' என்னும் ஆவணப்படம் அவ்விழாவின் உழைப்பையும் உட்பூசல்களையும் காட்டிற்று. எனவே காமிராவே பகையன்று. ஆனால் வணிகத் தொலைக்காட்சி எதைத் தேர்ந்தெடுக்கும்? புழுதியில் முளையடிப்பவரையா? தண்ணீர் சுமப்பவரையா? விழா முடிந்தபின் தரையில் குனிந்து ஆணியும் இறகும் பொறுக்குவோரையா? தீயையும் ஆடையற்ற உடல்களையும் காட்டினால் பார்ப்பவர் எழுந்து போகமாட்டார் என்பது அதற்குத் தெரியும். எளியவரிடம் போய்ச் சேருவது அந்தக் கலையன்று; அதன் தோல். அத்தோலைக் கண்டு மயங்கி மறு ஆண்டில் அங்கே செல்பவர், கொடுப்பதற்கு எதையும் கொண்டு செல்வதில்லை, பார்ப்பதற்கே செல்கிறார். பார்வையாளரில்லா ஊர் மெல்லப் பார்வையாளர் ஊராகிறது.

இதனினும் நுட்பமான தீங்கு ஒன்று உண்டு. அப்பாலைவனத்தில் 2000ஆம் ஆண்டு முதல் 'கோயில்' என்று அவர்கள் அழைக்கும் ஒரு மரக்கட்டடம் எழுப்பப்படுகிறது. அதைத் தொடங்கிவைத்தவர் டேவிட் பெஸ்ட் என்னும் சிற்பி. அவருடைய குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் விபத்தில் மாண்டார். அவர் நினைவாகவே அந்த முதற் கட்டடம் அமைந்தது. அதுமுதல் மக்கள் இறந்துபோன தம் தாய் தந்தையர், பிள்ளைகள், நண்பர்கள் ஆகியோரின் பெயர்களை அதன் சுவர்களில் எழுதுகின்றனர். மன்னிப்புக் கேட்டு எழுதுகின்றனர். இறுதி இரவில் கட்டடம் எரியும்போது, ஒரு வாரம் ஆர்ப்பரித்த அக்கூட்டம் வாய்மூடி அமர்ந்திருக்கும்.

அச்சுவரின் முன் மண்டியிட்டுத் தன் பிள்ளையின் பெயரை எழுதும் தாயை ஒரு காமிரா நெருங்குகிறது என்று கொள்வோம். அவள் அதைக் கண்டுவிட்டால், அக்கணமே அவளுடைய அழுகை இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பாதி இறந்த பிள்ளைக்கு; மறுபாதி, தான் எவ்வாறு தோன்றுகிறோம் என்னும் நினைப்புக்கு. காணாவிட்டாலோ, அவள் அறியாத இலட்சம் வீடுகளில் அவளுடைய துயரம் இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே ஓடுகிறது. அருகிருந்து அதே சுவரில் எழுதுகின்ற அந்நியரும் அவளைக் காண்கிறார். ஆனால் அவருடைய துயரமும் அவளுக்குத் தெரிகிறது. காமிராவின் பின்னிருப்பவர் அவளைக் காண்கிறார். அவளோ அவரிடத்தில் எதையும் காணமுடியாது. கொடுக்காமல் பெறுகின்ற இந்தப் பார்வையே, சகனருகே அமர்ந்தவர்களைக் கூசவைத்த அந்தப் பார்வை.

இதைத் தடுக்க விழாவினர் சட்டத்தின் துணையை நாடினர். ஆடையின்றித் திரிந்தோரைப் படமெடுத்து ஒளிநாடாவாக விற்ற நிறுவனம் ஒன்றன் மீது 2002ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். அது தகும். ஆனால் பாதுகாப்பிலும் ஒரு பொறி இருந்தது. பங்கேற்பாளர் எடுக்கும் படங்களின் மீதும் தங்களுக்கு உரிமையுண்டு என்று நுழைவுச்சீட்டின் விதிகளில் எழுதிவைத்தனர். 2009ஆம் ஆண்டில் எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன் என்னும் உரிமைக் காப்பு அமைப்பு இதைக் கண்டித்தது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டன. எதுவும் எவருடைய உடைமையும் ஆகக்கூடாது என்று கூறியவர்கள், அதைக் காப்பதற்காக எல்லாவற்றையும் தம் உடைமையென்று கூற நேர்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். சட்டத்திற்குத் தெரிந்தது உடைமை ஒன்றே. கொடையைக் காக்கச் சொன்னால், அதற்கு ஓர் உடையவரைத் தேடித் தருவதே அதற்கு இயலும்.

இன்றோ தொலைக்காட்சிக் குழு வரவேண்டிய தேவையும் குறைந்துவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் உள்ள செல்பேசியே காமிராவாயிற்று. அவர்கள் எடுத்து அனுப்பும் படங்களும் விளம்பரங்களுக்கு நடுவேதான் ஓடுகின்றன. முன்பு வேலிக்கு வெளியே நின்ற வணிகம் இப்போது விருந்தினரின் சட்டைப்பையில் இருக்கிறது. இனி எந்த வழக்கும் முழுக்காவல் ஆகாது. காவல் ஒவ்வொருவருடைய உள்ளத்திலும் இருந்தாக வேண்டும்.

அதற்கு நாம் காணும் அளவுகோல் இரண்டு. படமெடுக்கப்படுபவரிடம் முன்னரே கேட்டோமா என்பது ஒன்று. கேட்பதென்றால் காகிதத்தில் கையெழுத்து வாங்குவதன்று. இப்படம் எங்கே போகும், எதனோடு சேர்ந்து ஓடும் என்பதைச் சொல்லிக் கேட்பது. அங்கிருந்து எடுப்பதற்கு ஈடாக நாம் எதைக் கொடுத்தோம் என்பது மற்றொன்று. ஒரு நாளேனும் தண்ணீர் சுமந்தோமா? முளை அடித்தோமா? எடுத்த படத்தை எடுக்கப்பட்டவரிடமே முதலில் காட்டினோமா? இவற்றுக்கு ஆம் என்று சொல்ல முடிந்தவர் காமிராவோடு வந்தாலும் பங்காளரே. இல்லையென்பவர் வெறுங்கையோடு வந்தாலும் வணிகரே.

இவ்வினா அப்பாலைவனத்தோடு நின்றுவிடுவதன்று. மனிதர் கூடித் தம்மை மறந்து ஒன்றைச் செய்யும் இடமெல்லாம் இது எழும். அங்கெல்லாம் காமிராவை உயர்த்துமுன், 'இது கையில் இல்லாதிருந்தால் நாம் இங்கே வந்திருப்போமா?' என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோமாக.