தென்கடல் தீவும் திக்விரதமும்



இல்லறத்தார் ஏற்கும் குணவிரதங்களுள் திக்விரதம் என்பது ஒன்று. பத்துத் திசைகளிலும் 'இதற்கு அப்பால் செல்லேன்' என எல்லை குறித்துக்கொள்வதே அது. கடல், ஆறு, காடு, மலை, நாடு, இத்தனை யோசனைத் தொலைவு என யாவரும் அறிந்த அடையாளங்களால் அவ்வெல்லை வகுக்கப்பட வேண்டும் என்று இரத்தின கரண்டகம் கூறுகின்றது. எல்லைக்குப் புறத்தே வாழும் உயிர்களுக்கு இவனால் நுண்ணிய தீங்கும் நேர்வதில்லை. ஆகவே அவ்விடத்தைப் பொறுத்தவரை இல்லறத்தானின் அணுவிரதமும் மாவிரதத்தின் தன்மையை எய்துகின்றது என்று சமந்தபத்திர சுவாமிகள் இதன் பயனையும் உரைத்தருளினார்.

இன்று இவ்விரதத்தைப் பழங்காலத்து வணிகர்க்கு உரியதென ஒதுக்குவோர் பலர். "யாம் கொல்லப் போகவில்லை; பொருளீட்டவும் போகவில்லை. உயிரினங்களைக் கண்ணாரக் கண்டு திரும்பத்தானே போகிறோம். இதில் ஹிம்சை எங்கே வந்தது?" என்று வினவுவோரும் உளர். வினா நேர்மையானதே. தென்துருவத்தை அடுத்த தீவுகளுக்குச் செல்லும் கப்பற் பயணங்களைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

அட்லாண்டிக் பெருங்கடலின் தென்பகுதியில், பாக்லாந்து தீவுகளுக்கு அப்பால் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் தெற்கு ஜார்ஜியா என்னும் தீவு கிடக்கின்றது. நீளம் சுமார் 170 கிலோமீட்டர். பாதிக்கு மேல் பனி மூடிய நிலம். மரம் என்று ஒன்று அங்கே இல்லை. ஆயினும் கரையெங்கும் உயிர்க்கூட்டம். அரச பெங்குவின் என்னும் பறவை கூடு கட்டுவதில்லை. ஒற்றை முட்டையைத் தன் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்றுத் தோலின் மடிப்பால் மூடி, தாயும் தந்தையும் முறைவைத்து ஐம்பது நாளுக்கு மேல் நின்றபடியே காக்கின்றன. பல்லாயிரம் குஞ்சுகள் செறிந்து நிற்கும் இடத்தில், கடலிலிருந்து இரையோடு மீளும் பறவை தன் குஞ்சைக் குரலாலேயே அறிந்துகொள்கின்றது. மனமுடைய ஐம்பொறி உயிர் என்று ஆகமம் சொல்வதை இதனினும் தெளிவாக விளக்க வேறு காட்சி வேண்டியதில்லை. இதனைக் காண விழைவோரைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை.

முதலில் காணச் சென்றவர்களால் விளைந்தது யாது என்பதையும் அறிய வேண்டும். 1775ஆம் ஆண்டு கேப்டன் குக் அத்தீவில் இறங்கினார். அவர் எவரையும் வேட்டைக்கு அழைக்கவில்லை. அங்கே சீல் எனப்படும் கடல்நாய்கள் மிகுந்திருந்த செய்தியை எழுதினார், அவ்வளவே. அச்செய்தியைத் தொடர்ந்து தோல் வணிகர்களின் கப்பல்கள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமக் கடல்நாய் அங்கே அற்றுப்போகும் நிலையை அடைந்தது. 1904இல் நார்வே நாட்டு லார்சன் என்பார் கிரிட்விக்கன் என்னுமிடத்தில் திமிங்கலத் தொழிற்சாலை அமைத்தார். அப்பெயருக்குப் பானைக் குடா என்பது பொருள். கொழுப்பைக் காய்ச்சிய பானைகளால் வந்த பெயர். 1965 வரையில் அத்தீவில் மட்டும் அறுக்கப்பட்ட திமிங்கலங்கள் சுமார் 1,75,000. அவ்விடத்தின் துருவேறிய கொதிகலன்களை இன்று பயணிகள் படம் எடுக்கின்றனர்.

இக்காலத்துக் கப்பல்களின் ஒழுங்கு பெரிதும் மாறியிருக்கின்றது. அதனை மறைப்பது முறையன்று. துருவப் பயண நிறுவனங்கள் 1991இல் ஒரு சங்கம் கூட்டி விதிகள் வகுத்துக்கொண்டன. ஒரு வேளையில் ஓரிடத்தில் நூறு பேருக்கு மேல் கரையிறங்கலாகாது. விலங்குக்கும் பறவைக்கும் இடைவெளி விட்டு நிற்றல் வேண்டும். அவை நடக்கும் வழியை மறித்தல் கூடாது. இறங்குமுன் காலணிகளைத் தேய்த்துக் கழுவுகின்றனர். சட்டைப் பையின் மூலையிலும் காலுறையின் இழையிலும் ஒட்டிய புல்விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கின்றனர். நான்கு முழ நிலத்தை நோக்கி நடக்கும் ஈரியா சமிதியை முனிவர்க்கு விதித்த நம் மரபினர்க்கு இவை புதியன அல்ல. மற்றொன்று கேளுங்கள். இரவில் கப்பல் விளக்கொளியால் ஈர்க்கப்பட்டுக் கடற்பறவைகள் மோதி விழுகின்றன. ஆதலால் மேல்தள விளக்குகளைத் தணித்து அறைகளின் திரைகளை இழுத்து மூடுமாறு பயணிகளைப் பணிக்கின்றனர். விளக்கில் வீழும் பூச்சியை நினைத்து இரவுணவைத் துறந்தவர்கள் இச்செய்தியைப் படித்தால் மகிழ்வர்.

இனி, உள்ளத்தை வருத்தும் பகுதிக்கு வருவோம்.

கடல்நாய் வேட்டைக்காரரின் கப்பல்களில் எலிகளும் வந்தன. கொண்டுவர வேண்டும் என்று எவரும் கருதவில்லை, கவனிக்கவில்லை, அவ்வளவே. மரமற்ற தீவில் பறவைகள் நிலத்திலும் வளையிலுமே முட்டையிடும். எலிகள் முட்டையையும் குஞ்சையும் தின்றன. அத்தீவுக்கே உரிய பிப்பிட் என்னும் சிறு பாடும் பறவை, எலி எட்டாத குறுந்தீவுகளிலும் சில கரைகளிலும் மட்டுமே எஞ்சியது. முடிவில் 2011, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் ஹெலிகாப்டர்களிலிருந்து நச்சு உணவு தீவெங்கும் தூவப்பட்டது. 2018இல் எலியற்ற தீவு என அறிவித்தனர். பிப்பிட் பறவை மீண்டும் பெருகிற்று. அந்நச்சால் வேறு பறவைகள் சிலவும் மாண்டன.

இது அறமா? ஒரு கொடிய உயிரைக் கொல்வதால் பல உயிர் பிழைக்கும் என்று கருதியும் கொல்லலாகாது என அமிர்தசந்திர சூரிகள் புருஷார்த்த சித்தியுபாயத்தில் ஐயத்துக்கு இடமின்றி மறுத்துள்ளார். எலி தன் இயல்பில் உண்டது. அதற்கு அத்தீவைத் தேர்ந்தவர் மனிதர். எனவே அச்செயலை அகிம்சை என்று நாம் சொல்ல இயலாது. செய்யாது விட்டிருந்தால் ஒரு பறவையினமே அழிந்திருக்கலாம் என்பதும் மெய்யே. அதனைச் செய்த விஞ்ஞானிகளைக் கொடியவர் என்று யாம் கூறோம். பிறர் வைத்துப்போன கடனைத் தீர்க்கப் புகுந்தவர்கள் அவர்கள். ஆயினும் தீர்த்த வழி உயிர்க்கொலையே. குற்றமற்ற வழி ஒன்று இருந்த காலம், முதற் கப்பலின் கயிற்றில் எலி இறங்கிய அன்றே கழிந்துவிட்டது. உயிர்க்கேட்டின் வேர் பிரமத்த யோகம், அதாவது விழிப்பின்மை, என்று தத்துவார்த்த சூத்திரம் சொல்வதன் ஆழம் இங்கே விளங்குகின்றது.

கண்ணால் காண மட்டுமே சென்ற பயணிக்கு இதில் என்ன பங்கு? இருக்கின்றது. அப்பணிக்கான பொருளில் ஒரு பகுதி கப்பற் பயணிகளிடமே நன்கொடையாகத் திரட்டப்பட்டது. பறவைக்காக அளிக்கிறோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர். செய்தல், செய்வித்தல், உடன்படல் என வினைக்கு மூன்று வாயில் வகுத்த நெறியில் வந்த ஒரு சிராவகர், அக்கப்பலின் உணவறையில் அந்த நன்கொடைத் தாளைக் கையில் வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பார்? கொடுத்தால் எலியின் சாவுக்கு உடன்பாடு. மறுத்தால் பறவையின் அழிவைக் கண்டும் வாளாவிருத்தல். 'காண மட்டுமே' என்று புறப்பட்டவர் அப்படியே திரும்ப முடியவில்லை. எரிபொருளால் வாட்டப்படும் வளியுடல், நீருடல் உயிர்களின் கணக்கை யாம் இங்கே விரிக்கவில்லை.

2023இல் பறவைக் காய்ச்சல் அத்தீவை அடைந்து, பறவைகளும் கடல்நாய்களும் மாண்டன. இது பயணிகளால் வந்ததன்று. பறவைகளே கொணர்ந்தது என்று கருதுகின்றனர். ஆயினும் அதன்பின் கரையில் அமர்தலும் பையைத் தரையில் வைத்தலும் விலக்கப்பட்டன. சில கரைகள் மூடவும்பட்டன. எல்லை குறிக்கும் விரதத்தை அங்குள்ள அதிகாரிகளும் தம் வழியில் கற்றுக்கொண்டுள்ளனர் எனலாம்.

வரும் தசலட்சண பருவத்தில் திக்விரதம் ஏற்போர், தென்திசையின் எல்லையைச் சொல்லும்போது ஒரு கணம் நின்று எண்ணிச் சொல்லுங்கள். அந்த எல்லைக்குள் அத்தீவு அடங்குமாயின், அதற்குரிய காரணத்தையும் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள். முன்னரே பயணத்தை உறுதி செய்துவிட்டவர்கள், கப்பலார் சொல்லும்வரை காத்திராமல், வீட்டிலேயே சட்டைப் பைகளைப் புறம் திருப்பி உதறி, காலுறைகளை வெளிச்சத்தில் பிடித்து விதை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.