மறைப்பதும் பொய்ப்பதும்

திருவண்ணாமலைப் பெருங்கோயிலில் வல்லாள மகாராஜா கோபுரம் என்று ஒன்று உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டினரான அருணகிரிநாதர் தம் வாழ்வை வெறுத்து அதன் உச்சியிலிருந்து வீழ்ந்தார் என்பதும், முருகன் அவரைத் தாங்கிக்கொண்டான் என்பதும் இவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இந்த ஊரில் பிறந்து, அந்தக் கோபுரத்தின் நிழலோரத் தெருக்களில் நடந்து மதரஸாவுக்குப் போய் வந்தவன் நான். அருணகிரியார் நமக்கு முற்றிலும் அந்நியருமல்லர். அவருடைய திருப்புகழின் சந்தத்தைப் பின்பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடியவர் நம் காயல்பட்டினத்துக் காசிம் புலவர்.

அக்கதையைச் சொல்வோர் கோபுரத்தையும் முருகனையுமே நினைவில் வைக்கின்றனர். என் மனம் நிற்பதோ அவருடைய தமக்கையிடம். தாயற்ற தம்பியை வளர்த்தவர் அவர். தம்பி தீய வழியில் செலவிடக் கேட்டபோதெல்லாம் கையிலிருந்ததையும், பின்னர் கழுத்திலிருந்ததையும் கழற்றிக் கொடுத்தவர். கொடுக்க ஏதுமில்லாமற் போன நாளில் அவர் சொன்ன ஒரு சொல், இங்கே எழுதக் கூசும் கடுமையுடையது. அச்சொல்தான் தம்பியைக் கோபுரத்தில் ஏற்றியது. இது வரலாறா, புனைவா என்னும் ஆராய்ச்சி இப்போது வேண்டா. நான் கேட்பது வேறு. இத்தனை ஆண்டுகளாகக் கொடுத்துக் கொடுத்து மறைத்தாரே, அது அன்பா? கடைசியில் சொன்னாரே, அது அன்பா? சொல்லவேண்டியதை முன்னரே மென்மையாகச் சொல்லியிருந்தால், பின்னர் அத்துணைக் கொடிய சொல் தேவைப்பட்டிருக்குமா?

இக்கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியன்று. என் தம்பி குடித்தான். நான் மறைத்தேன். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "பெயர் வேண்டாம் அண்ணே, மற்றதை எழுதுங்கள்" என்றான்.

பிறர் குறையை மூடுவது நம் மார்க்கத்தில் உயர்ந்த குணம். 'ஸத்ர்' என்று அதற்குப் பெயர். மாஇஸ் (ரலி) என்னும் தோழர் தாம் செய்த பாவத்தைத் தாமே சொல்ல வந்தபோது, அண்ணலார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரைத் தூண்டி அனுப்பியவரிடம், உம் ஆடையால் அவரை மூடியிருந்தால் உமக்கு நலமாயிருந்திருக்கும் என்ற கருத்துப்படக் கூறினார்கள். இரவில் செய்த குற்றத்தை இறைவன் மறைத்திருக்க, விடிந்ததும் தானே பெருமையடித்துத் திரிபவனைக் கடிந்தும் உரைத்தார்கள். இவற்றையெல்லாம் நான் வேலூர் பாக்கியாத்தில் ஓதினேன். பிறகு பல்லாண்டுகள் பிள்ளைகளுக்கு ஓதியும் கொடுத்தேன். ஆகவே தம்பியின் குடியை மறைத்தபோது என் மனச்சான்று உறுத்தவில்லை. உறுத்தாததுதான் கேடு.

2004-இல் அவனுக்குப் பெண் கேட்டோம். பெண்ணின் அத்தா நேர்மையான மனிதர். தனியே என்னிடம் வந்து, "ஹஜ்ரத், உங்கள் தம்பிக்குக் கெட்ட பழக்கம் ஏதும் உண்டா?" என்று கேட்டார். "இல்லை" என்று நான் சொல்லவில்லை. "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றேன். பொய் சொல்லாமலே பொய் சொல்லும் கலை, கற்றவர்களுக்குக் கைவந்த கலை.

அந்த வாரம் நான் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்த பாடம் என்ன தெரியுமா? பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் செய்தி. முஆவியா, அபூஜஹ்ம் என்னும் இருவர் அவரைப் பெண் கேட்டனர். அவர் நாயகத்திடம் கருத்துக் கேட்டபோது, ஒருவர் கைப்பொருள் இல்லாதவர் என்பதையும் மற்றவர் அடிக்கும் கையினர் என்பதையும் நாயகம் மறைக்காமல் சொன்னார்கள். உஸாமாவை மணக்குமாறு அறிவுரையும் கூறினார்கள். இதனை வைத்தே இமாம் நவவி, புறம்பேசுதல் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களுள் திருமண ஆலோசனையையும் சேர்த்தார். ஆறையும் விரல்விட்டு எண்ணி மாணவர்களுக்குச் சொல்லித் தந்துவிட்டு மாலையில் வீடு வந்த நான், அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்து "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றேன்.

பிறகு நடந்தவை பல வீடுகளில் நடப்பவையே, விரித்துரைக்கத் தேவையில்லை. வேலைக்குப் போகாத நாட்களில் அவனுக்கு "வயிற்றுப்புண்" என்றோம். கண் மஞ்சளித்தபோது "காமாலை" என்றோம். அது பாதி உண்மை. திருமறையைக் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்கினேன், ஒருமுறையன்று, நான்கு முறை. ஒவ்வொரு சத்தியமும் அவனுக்கு ஒரு புதிய பொய்யைக் கற்றுக்கொடுத்தது. கடன் மிகுந்தவன் பேச்சில் பொய்யும் வாக்கில் மீறலும் வந்து சேரும் என்று நாயகம் எச்சரித்து, கடனைவிட்டு இறைவனிடம் காவல் தேடியதை நாம் அறிவோம். குடியும் அத்தகைய கடனே. தீர்க்க முடியாத தவணையைக் கேட்டுக் கேட்டு அவனைப் பொய்யனாக்கியவர்களுள் நானும் ஒருவன்.

இந்நாட்டின் சட்டமும் இவ்வகையில் ஒரு நிலையில் நின்றதில்லை. ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-இல் அது தளர்ந்தது, மீண்டும் வந்தது, 1983-இல் 'டாஸ்மாக்' பிறந்தது, 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்துவிட்டது. முன்பு குடிப்பவன் சட்டத்துக்கு மறைந்து குடித்தான். இன்று சட்டம் கடை விரித்து விற்கிறது. மறைப்பவை வீடுகள் மாத்திரமே. நம் வீடுகள் சற்று அதிகமாகவே மறைக்கின்றன. "நம்மவர்களில் இது கிடையாது" என்று மேடையில் சொல்லிப் பழகிவிட்டபின், வீட்டில் இருப்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

2013 ரமலானில் ஒரு முடிவுக்கு வந்தோம். அவனை அறையில் வைத்துப் பூட்டினோம். நோன்பு மாதம், இறையருள் இறங்கும் காலம், எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணினோம். இரண்டாம் நாள் கை நடுங்கிற்று. சுவரில் இல்லாத பூச்சிகளைத் தட்டினான். மாலையில் வலிப்பு வந்தது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இவ்வாறு நேரலாம் என்பதும், சிலருக்கு அது உயிருக்கே முடிவாகும் என்பதும், மருந்து கொடுத்து மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்தவேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியாது. இவ்வரிகளைப் படிக்கும் எவரேனும் அப்படி ஓர் அறையைப் பூட்ட நினைத்திருந்தால், தயவுசெய்து முதலில் மருத்துவரிடம் போங்கள்.

மருத்துவமனையில் இளவயது டாக்டர் ஒருவர், "இவர் எவ்வளவு குடிப்பார்? கடைசியாக எப்போது குடித்தார்?" என்று கேட்டார். அம்மா உடனே, "என் பிள்ளை குடிக்கமாட்டான்" என்றார்கள். வலிப்பு வந்து கிடக்கும் மகனின் தலைமாட்டில் நின்றுகொண்டு சொன்னார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார். தொப்பியும் தாடியுமாய் நின்ற என்னிடம் அவர் உண்மையை எதிர்பார்த்திருக்கவேண்டும். எனக்கு நா எழவில்லை. அப்போது எங்கள் பின்னாலிருந்து தம்பியின் மனைவி பேசினாள். "தினமும் குடிப்பார். காலையிலேயே தொடங்கிவிடுவார். இரண்டு நாளாகக் குடிக்கவில்லை. நிக்காஹுக்கு முன்பிருந்தே உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார்."

கடைசி வாக்கியம் டாக்டருக்குத் தேவையில்லாதது. அவள் என் பக்கம் திரும்பவுமில்லை.

அன்றிரவுதான் நான் ஓதியவற்றை மீண்டும் ஓதினேன் என்று சொல்லவேண்டும். நாயகம் (ஸல்) மூடச்சொன்னது, பாவம் செய்தவன் திரும்பிவரும் வழியை அடைத்துவிடாதிருப்பதற்காக. நாங்கள் மூடியதோ அந்த வழியையே. மறைப்பதன் பயன் திருந்துபவனுக்குச் சேர்ந்தால் அது ஸத்ர். மறைப்பவரின் மானத்துக்குச் சேர்ந்தால் அதற்கு வேறு பெயர் தேடவேண்டும். மதுவைத் தடுத்த இறைவசனங்களும் ஒரே நாளில் இறங்கவில்லை. முதலில் இறங்கியதே 'மது அருந்தாதீர்' என்பதாக இருந்திருப்பின் மக்கள் ஏற்க மறுத்திருப்பர் என அன்னை ஆயிஷா (ரலி) விளக்கியுள்ளார்கள். இறுதித் தடை வந்த அன்றோ மதீனத்துத் தெருக்களில் மது ஓடிற்று. அதன் பின்னும் மீண்டும் மீண்டும் குடித்துத் தண்டிக்கப்பட்ட அப்துல்லாஹ் என்னும் தோழர் ஒருவர் இருந்தார், நாயகத்தைச் சிரிக்கவைப்பவர். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொல்லி நாயகம் தடுத்தார்கள். அவருடைய குடியை நாயகம் இல்லையென்று சொல்லவில்லை; அவருடைய நேசத்தையும் இல்லையென்று சொல்லவில்லை. இரண்டையும் ஒருங்கே சொல்லும் நா நமக்கு வாய்ப்பதில்லை. ஒன்று மறுக்கிறோம், அல்லது சபிக்கிறோம்.

நம் மாநிலத்தில் அந்த நாவை நான் கண்ட இடம் ஒன்றுண்டு. நாட்டின் நிதியமைச்சராயிருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியாரின் பேரன் ரங்கநாதன் குடிநோயால் இளமையிலேயே மாண்டார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் குடிநோயாளிகளுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அத்தகைய பெருங்குடும்பம், "இதயநோய்" என்று ஒரு சொல் சொல்லிக் கதவைச் சாத்தியிருக்கலாம். அவ்வம்மையாரோ கணவர் பெயரையே அதற்கு இட்டார். அங்கே நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தாருக்கும் பயிற்சி தருகின்றனர். பொய் சொல்லிப் பழகிய வீடும் சிகிச்சைக்குரியதே என்பதை அவர்கள் அறிவர். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் அக்ரன் என்னும் ஊரில், பங்குத் தரகர் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தனர். இருவரும் குடிநோயாளிகள். அச்சந்திப்பிலிருந்து எழுந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. அதன் பன்னிரண்டு படிகளில், தன் குற்றங்களைத் தானே அஞ்சாமல் கணக்கெடுப்பது ஒன்று. நம்மிடையே 'முஹாஸபா' என்று பெயர் பெற்றதும், ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ஹாரிஸ் என்ற பெரியாருக்கு 'முஹாஸிபி' என்ற பட்டத்தைத் தந்ததும் இதே கணக்குத்தான். அடுத்த படி, அக்கணக்கை இறைவனிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. இந்த மூன்றாமவரிடம் சொல்வதை நான் முதலில் ஐயத்துடனேயே பார்த்தேன். நம் தௌபாவில் இடையில் மனிதர் இல்லையல்லவா? ஆனால் அவர்கள் கூடும்போது முழுப்பெயர் சொல்வதில்லை. கேட்டதை வெளியே கொண்டுபோவதில்லை. பெயர் மூடியிருக்கிறது, செய்தி திறந்திருக்கிறது. நான் பல்லாண்டு ஓதியும் பிரித்தறியாத ஒன்றை அவர்கள் நடைமுறையில் பிரித்து வைத்திருந்தனர். பால்டிமோர் நகரத்து முஸ்லிம்கள் 1989-இல் இம்முறையை நம் மார்க்க நெறிக்கேற்ப அமைத்து 'மில்லத்தி இஸ்லாமி' என்று தொடங்கியதையும் பின்னர் அறிந்தேன்.

தம்பி சிகிச்சை பெற்றான். ஓராண்டுக்கு மேல் குடிக்காதிருந்தான். 2015-இல் ஒருநாள் வழுக்கினான். அன்றிரவு பதினொரு மணிக்கு என் கதவைத் தட்டினான். "அண்ணே, இன்றைக்குக் குடித்துவிட்டேன்." அவ்வளவே சொன்னான். வாய் நாறிற்று. நான்கு சத்தியங்களைவிட அந்த ஒரு வாக்கியத்தை நான் மேலாக மதிக்கிறேன். யாரும் கேட்காமல், பிடிபடாமல், அவனாகச் சொன்ன முதல் உண்மை அது. அன்றுமுதல் இன்றுவரை அவன் குடிக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அவன் நேராகிவிட்டான். நான்?

இமாம் கஸ்ஸாலி தம் 'அல்முன்கித்' நூலில் தம்மைப் பற்றி எழுதியிருப்பதை மதரஸாவில் பெருமையாகவே சொல்வோம். 1095-இல், பக்தாதின் தலைசிறந்த ஆசிரியராயிருந்தபோது, தாம் கற்பிப்பது இறைவனுக்காக அன்று, பேருக்காகவும் புகழுக்காகவுமே என்று கண்டார். விடவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை. மாதக்கணக்கில் தவித்தார், நா கட்டிப்போய்ப் பாடம் நடத்த இயலாமற் போயிற்று. குடியை விடமுடியாதவன் தவிப்பை அதில் கண்டவர் எத்தனை பேர்? நான் காணவில்லை. இன்னொன்றும் அங்கே எழுதுகிறார். மக்காவுக்குப் போவதாக வெளியில் சொல்லிவிட்டு, ஷாம் தேசத்துக்குப் போவதையே உள்ளத்தில் வைத்திருந்தாராம். பேரறிஞர் ஒருவர் தம் சிறு பொய்யையும் பிற்காலத்தாருக்கு ஒளிக்கவில்லை. எனக்கும் ஒரு போதை இருந்தது. 'ஹஜ்ரத்' என்று மக்கள் எழுந்து நிற்பதுதான் அது. அதற்குக் குறை வரக்கூடாதென்றே ஒரு பெண்ணின் வாழ்வைப் பணயம் வைத்தேன். தௌபாவுக்கு வருந்துதல், விடுதல், திரும்பச் செய்யாதிருக்க உறுதிகொள்ளுதல் என மூன்று நிபந்தனைகள் உண்டு. அடியார் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவது ஒன்றும் சேரும். உரியவரிடம் போய்த் தீர்க்கவேண்டும். அதை இருபதாண்டுகள் தள்ளிப்போட்டேன்.

தம்பி மனைவியிடம் முதலில் சொன்னேன். "தெரியும் மச்சான்" என்றாள், சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கில்லை.

சென்ற ஆண்டு அவள் அத்தாவைப் பார்க்கப் போனேன். எண்பதை நெருங்கிவிட்டார். அன்று நீங்கள் கேட்டபோது எனக்குத் தெரியும், தெரிந்தே மறைத்தேன் என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்றைக்குச் சொல்லியிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன்" என்றார். "ஆம்" என்றேன். "என் பேத்திக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறோம், ஹஜ்ரத். அவள் அத்தாவைப் பற்றி விசாரிக்க உங்களிடம்தானே வருவார்கள்? என்ன சொல்வீர்கள்?"

"குடித்தவன், பத்தாண்டுக்கு மேலாகக் குடிப்பதில்லை என்று சொல்வேன்" என்றேன்.

அவர் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தார். "சம்பந்தம் தவறிப்போனால்?"

"போகலாம்" என்றேன்.

"அப்படியே சொல்லுங்கள்" என்றார். உள்ளே திரும்பித் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.