மூலதனம் வெளியேறிய பின் எஞ்சுவது

1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தத்திற்குப் பின் அந்நிய முதலீட்டைப் பற்றி இரு குரல்கள் நம்மிடையே ஓயாது ஒலிக்கின்றன. அது வந்தால் வறுமை ஒழியும் என்கிறது ஒன்று. அடிமைகளாவோம் என்கிறது மற்றொன்று. இரண்டும் மூலதனத்தின் வருகையைப் பற்றியே பேசுகின்றன. அது ஒருநாள் வெளியேறினால் நம்மிடம் எஞ்சுவது யாது என்பதன்றோ நாம் கேட்க வேண்டிய வினா?

விடையின் ஒரு பாதி திருவொற்றியூரில் இருக்கிறது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம், மெட்ராஸ் மோட்டார்சுடன் கூட்டுச் சேர்ந்து 1955-இல் இங்கே மோட்டார் சைக்கிள் தொழிலைத் தொடங்கியது. கப்பலில் வந்திறங்கிய பாகங்களைப் பூட்டுவதே முதலில் வேலை. 1957-இல் பாகங்களை உருவாக்கும் கருவிகளும் இங்கே விற்கப்பட்டன. 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே உருவாயின. இறக்குமதியை இறுக்கிய அன்றைய அரசின் கொள்கையும் இதற்குத் துணைநின்றது. 1970-இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனத்தின் உற்பத்தி நின்றது, சேய் நிற்கவில்லை. 1977-இல் நம்மூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. தொழில் அதற்குள் நம் தொழிலாளியின் கைகளுக்கு வந்து சேர்ந்திருந்தது.

மறுபாதியைக் காண ஸ்ரீபெரும்புதூர் செல்லவேண்டும். 2006-இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஆயிரக்கணக்கான இளையோர், குறிப்பாகப் பெண்கள், வேலை பெற்றனர். அந்த ஊதியத்தால் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாஃப்டுக்கு விற்கப்பட்டது; வரி வழக்கில் சிக்கிய இந்த ஆலை தனித்து நின்று, 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பொருத்தக் கற்ற கைகளுக்குப் படைக்கும் வாய்ப்பு வாய்த்திருக்கவில்லை. இன்று எந்த நாடும் ஒரு கைப்பேசியை முற்றிலும் தனியே செய்வதில்லை என்பர். உண்மையே. எனினும் கொரியாவும் சீனாவும் முன்னேறியது அந்நியரின் பணத்தால் மட்டுமன்று, அவரிடம் விடாது கற்றதால்.

எஞ்சுவது கல்வி மட்டுமன்று, கழிவும்தான். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், மீனவரின் படகுகளையும் வலைகளையும் பாழாக்கிற்று. சாம்பலைக் கொட்டியது அந்நியரன்று. நம் அரசின் மின்நிலையமே. எனவே மூலதனம் அந்நியரது என்பதால் தீயதுமன்று, நம்முடையது என்பதால் தூயதுமன்று.

மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என 1981-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கற்பித்தார். அப்படியாயின், ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் எத்தனை கோடி, எத்தனை வேலை என்று எண்ணுவதோடு நாம் நின்றுவிடலாகாது. எம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பீர், விட்டுச் செல்லும் கழிவை யார் அள்ளுவார் என்ற இரண்டையும் கேட்டாக வேண்டும். இவற்றுக்கு விடை எழுதப்படாத ஒப்பந்தத்தை முன்னேற்றம் என்று அழைக்க நமக்கு உரிமையில்லை.