ஆடியில் ஏர் பூட்டுகிறவன்

ஆடிப் பௌர்ணமியை ஒட்டி எங்கள் திகம்பர முனிவர்கள் ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். சாதுர்மாசம் நான்கு மாதமும் ஊர் விட்டு ஊர் நடப்பதில்லை. ஈர மண்ணில் உயிர்கள் பெருகிக் கிடக்கும், கால் பட்டால் மடியும் என்பதே காரணம். அதே ஆடியில்தான் வந்தவாசிப் பக்கம் நாங்கள் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஏர் பூட்டுகிறோம். தமிழ்ச் சமணர்களில் உழவுக் குடிகள் ஏராளம். முனிவர் காலை மடக்கும் பருவத்தில் நான் கொழுவை இறக்குகிறேன். அவருக்குப் பிச்சையாகப் போகும் சோறும் அப்படி விளைந்ததுதான்.

இதற்கு வழக்கமாக ஒரு சமாதானம் உண்டு. இல்லறத்தான் விட வேண்டியது வேண்டுமென்றே கொல்கிற சங்கல்ப இம்சையை. தொழிலில் நேர்வதைக் கூடிய மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். உழவைக் கற்றுக்கொடுத்ததே முதல் தீர்த்தங்கரர் ஆதிநாதர்தானே என்றும் சேர்த்துச் சொல்வார்கள். சரி, எப்படிக் குறைப்பது? மண்புழு எங்கே இருக்கிறது, எப்போது மேலே வரும் என்று தெரியாதவன் எதைக் குறைப்பான்?

எங்கள் நிலத்துப் புழுவுக்கு அறிவியல் பெயர் லாம்பிட்டோ மௌரிட்டி. ஒரு சாண் வரை நீளும். பழுப்பு உடல், தலைப் பக்கம் மட்டும் லேசான ஊதா. பொன்னூர் மலைச்சரிவின் காய்ந்த சரளையில் தோண்டினால் கிடைக்காது. ஏரி வாய்க்கால் ஓரம், வாழையடி, மாட்டுச் சாணம் விழுந்த தோட்டக்கால், வரப்பு, இவைதான் அதன் இடம். வயலில் தண்ணீர் கட்டினால் வரப்புக்கு ஏறிவிடும். விடியற்காலையில் வரப்பில் உதிரி உதிரியாகக் குவிந்திருக்கும் கழிவு மண்ணைப் பார்த்தால் கீழே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கோடையில் கொழு எட்டாத ஆழத்துக்குப் போய், உடம்பைச் சுருட்டி முடிச்சாகிக் கிடக்கும். மழை இறங்கினால் அவிழும்.

ஆகவே, சித்திரையில் மேலாக ஓட்டும் கோடை உழவில் சாவு குறைவு. நல்ல மழைக்கு மறுநாளே ஓட்டினால் சால் பின்னாலேயே கொக்கும் மைனாவும் நடக்கும். எதற்கு நடக்கின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறும், புழுவில் பாதி தப்பும். ரோட்டவேட்டர் கொத்திப் போடும். இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பொய். தலைத்துண்டு சில சமயம் பிழைக்கும். வால்துண்டு துடித்துத் துடித்து அடங்கிவிடும்.

எங்கள் நூலான தத்துவார்த்த சூத்திரம் புழுவை ஈரறிவு உயிர் என்கிறது: தொடுவுணர்வும் சுவையும் மட்டும். ஆனால் கண் இல்லாத இந்தப் புழுவின் தோலிலேயே ஒளியை உணரும் அணுக்கள் உண்டு. டார்ச் அடித்தால் வளைக்குள் இழுத்துக்கொள்ளும். அதைத் தொடுவுணர்வில் சேர்ப்பதா, தனி அறிவாக எண்ணுவதா என்று பண்டிதர்கள் வாதாடட்டும். அறிவு குறைந்த உயிரைக் கொன்றால் பாவமும் குறைவு என்ற கணக்கை நான் மறுக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஆறுதல் தேடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

'நாம் உழுவதால்தான் அதற்கு வாழ்வு' என்பது இன்னொரு வாதம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கின்பெர்க் என்ற ஸ்வீடன்காரர் 1860-களில் இந்தப் புழுவுக்குப் பெயரிட்டபோது கையில் இருந்தது மொரீஷியஸ் தீவில் பிடித்த புழு. தென்னிந்தியப் புழு கடல் தாண்டியது, மனிதர் கொண்டுபோன செடிகளின் வேர்மண்ணில்தான் என்கிறார்கள். நம்மோடு ஒட்டி வாழ்கிற உயிர்தான். வளர்த்தவனுக்குக் கொல்ல உரிமை வந்துவிடுமா?

இப்போது புண்ணியமும் கிலோ கணக்கில் வருகிறது. மண்புழு உரத் தொட்டிக்கென்று விற்கிற ஆப்பிரிக்கப் புழு, சாணமும் மக்கிய தழையும் தின்று மேலாக வாழ்வது. அதை வாங்கிக் காய்ந்த வயலில் கொட்டி, உயிர்களைப் பெருக்கினேன் என்கிறார்கள். அந்த மண்ணில் அது என்ன பாடுபடும்? தெரியாமல் விடுவதும் கொலைதான்.

என் மகன் இதையெல்லாம் கேட்டுக்கொள்வான். ஆள் கூலி என்ன, ஏர் மாடு எங்கே என்று திருப்பிக் கேட்பான், நியாயமாகத்தான். வாழையடிக்கு மட்டும் டிராக்டர் இறங்கக்கூடாது, மழைக்குப் பின் இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. மல்லாட்டைக் கொல்லையில் ரோட்டவேட்டர்தான் ஓடுகிறது.